சைக்கிளுக்கு உருவம் கொடுத்த தோட்டக்காரர் மகன்

பச்சைமலையின் அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள ஊர் அரும்பாவூர். மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. கோவில் தேருக்கும் வாகனத்துக்கும் வேண்டிய உருவங்களை அங்கே செதுக்குகிறார்கள். 2020-ம் ஆண்டில் அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சிற்பிக்கு அளவுதான் உயிர். முகத்துக்கு இத்தனை பங்கு, மார்புக்கு இத்தனை பங்கு, காலுக்கு இத்தனை பங்கு என்று கணக்கு உண்டு. ஒரு விரற்கடை தவறினாலும் சாமியின் உருவம் சாமியாக அமையாது.

வேலை முடிந்து அந்தச் சிற்பி வீட்டுக்கு ஏறிப் போகும் சைக்கிளுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சீட் எங்கே இருக்க வேண்டும்? பெடல் எங்கே இருக்க வேண்டும்? முன் சக்கரம் காலுக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்? இதில் ஓர் அங்குலம் தவறினால், திரும்பும்போது கால்விரல் சக்கரத்தில் இடித்து, ஓட்டுகிறவர் கீழே விழுவார்.

உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் ஓர் இங்கிலாந்துக்காரர். தோட்டக்காரரின் மகன். பெயர், ஜான் கெம்ப் ஸ்டார்லி.

பதினாறு வயதுப் பையன்

1855-ம் ஆண்டு டிசம்பர் மாதம், அப்போது லண்டனுக்கு அருகில் இருந்த வால்தம்ஸ்டோ என்ற ஊரில் ஸ்டார்லி பிறந்தார். தந்தை தோட்ட வேலை செய்து பிழைத்தவர். சொத்து, சுகம் எதுவும் இல்லை. ஆனால் தந்தையுடன் பிறந்தவர் ஒருவர் கவென்ட்ரி நகரத்தில் இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஸ்டார்லி.

ஜேம்சும் முதலில் தோட்ட வேலை செய்தவர்தான். ஆனால் கை சும்மா இருக்காது. பழுதான தையல் இயந்திரத்தைப் பிரித்து, மறுபடி பூட்டி, முன்னைவிட நன்றாக ஓட வைப்பார். அந்தக் கைத்திறமை அவரைக் கவென்ட்ரியில் தையல் இயந்திரக் கம்பெனிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கவென்ட்ரி அப்போது நொடித்துப்போன ஊர். பட்டு நாடா நெசவும் கடிகாரத் தொழிலும்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டு வந்தன. 1860-ல் பிரான்ஸ் நாட்டோடு இங்கிலாந்து ஒரு வியாபார ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரான்ஸ் பட்டு வரியில்லாமல் வந்து குவிந்தது. தறிகள் நின்றன. நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. ஊரைவிட்டுப் போனவர்கள் ஏராளம். கைத்தறி ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் தையல் இயந்திரக் கம்பெனி 1869-ல் சைக்கிள் செய்யத் தொடங்கியது. வேலையில்லாமல் இருந்த கைகளுக்குப் புதுத் தொழில் கிடைத்தது. ஜேம்ஸ் ஸ்டார்லி அதில் முன்னணியில் நின்றார். சக்கரத்துப் போக்ஸ் கம்பிகளை நடுமையத்திலிருந்து நேராக இழுக்காமல், ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி சாய்த்துக் கட்டும் முறையை அவர் 1874-ல் கொண்டுவந்தார். இன்று நம் தெரு சைக்கிளின் சக்கரத்திலும் கம்பிகள் அப்படித்தான் குறுக்கிட்டு நிற்கின்றன.

இந்த உறவினரிடம் தொழில் பழக 1872-ல் ஜான் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது.

ஆள் உயரச் சக்கரம்

அந்தக் காலத்துச் சைக்கிளை இன்று படத்தில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முன் சக்கரம் ஆள் உயரம் இருக்கும். பின் சக்கரம் குழந்தை விளையாடும் வளையம்போல் சிறியதாக இருக்கும். ஓட்டுகிறவர் பெரிய சக்கரத்தின் தலைமேல் உட்கார்ந்திருப்பார்.

ஏன் அவ்வளவு பெரிய சக்கரம்? செயின் கிடையாது என்பதுதான் காரணம். பெடல் முன் சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருந்தது. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். சிறிய சக்கரமானால் எவ்வளவு மிதித்தாலும் நடக்கிற வேகம்தான் வரும். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். கால் எட்டும் மட்டும் பெரிதாக்கினார்கள். நெட்டையானவர் பெரிய சக்கரம் வாங்கினார். குட்டையானவருக்குச் சிறிய சக்கரம். அவர் பந்தயத்தில் பின்தங்கினார்.

பெடலும் சக்கரமும் ஒன்றாகப் பிணைந்திருந்ததால், சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை நிறுத்தி இளைப்பாற முடியாது. இறக்கத்தில் பெடல் பம்பரமாய்ச் சுழலும். அப்போது காலைத் தூக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆபத்துக்கும் குறைவில்லை. முன் சக்கரத்தில் ஒரு கல் தடுக்கினால் போதும். வண்டி அப்படியே முன்பக்கம் கவிழும். ஆள் தலைகீழாக விழுவார். திரும்பும்போது சக்கரம் தொடையில் உராயும். இளைஞர்கள் இதை வீரம் என்று நினைத்தார்கள். பெண்களும் முதியவர்களும் பக்கத்தில் போகவில்லை. அவர்களுக்கு மூன்று சக்கர வண்டிதான். ஜேம்ஸ் ஸ்டார்லி செய்த மூன்று சக்கர வண்டிகள் இரண்டை விக்டோரியா மகாராணியே 1881-ல் வரவழைத்தார். அதே ஆண்டு ஜேம்ஸ் காலமானார்.

புதுக் கணக்கு

ஜான் அதற்கு முன்பே தனித் தொழில் தொடங்கிவிட்டார். 1877-ல் வில்லியம் சட்டன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி வைத்தார். முதலில் மூன்று சக்கர வண்டிகள் செய்தார். 1883-ல் அவற்றுக்கு ரோவர் என்று பெயர் வைத்தார். ஊர் சுற்றுகிறவன் என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள்.

மூன்று சக்கர வண்டி பத்திரமானது. ஆனால் கனமானது, விலையும் அதிகம். இரண்டு சக்கர வண்டி இலேசானது. ஆனால் எலும்பை முறிப்பது. இரண்டு சக்கரத்தில் பத்திரமான வண்டி செய்ய முடியாதா என்பதுதான் அப்போது கவென்ட்ரிப் பட்டறைகளில் எல்லாருடைய கேள்வியும்.

பலர் முயன்றார்கள். ஹென்றி லாசன் என்பவர் 1879-ல் பின் சக்கரத்தைச் செயின் போட்டு ஓட்டும் வண்டி ஒன்றைச் செய்தார். நல்ல யோசனைதான். ஆனால் முன் சக்கரம் மிகப் பெரியதாகவே இருந்தது. வண்டி விற்கவில்லை.

ஸ்டார்லி வேறு பக்கத்திலிருந்து தொடங்கினார். வண்டியை வைத்து மனிதனை ஏற்றாமல், மனிதனை வைத்து வண்டியை அளந்தார். 1898-ல் லண்டன் கலைச் சங்கத்தில் தாம் செய்ததை அவரே விளக்கியிருக்கிறார். ஓட்டுகிறவர் தரையிலிருந்து சரியான உயரத்தில் இருக்க வேண்டும். பெடலையும் சக்கரத்தையும் இணைக்கும்போது, வேண்டிய வேகத்துக்கு ஏற்பப் பல் கணக்கை மாற்ற வசதி வேண்டும். சீட், பெடலுக்குப் பொருத்தமான இடத்தில் இருக்க வேண்டும்; மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்தவும் வேண்டும். குறைந்த களைப்பில் முழுப் பலத்தையும் காலில் இறக்கும்படி ஹேண்டில்பார் அமைய வேண்டும். இவைதான் அவருடைய கணக்கு.

செயின் போட்டதும் பெரிய சக்கரத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. முன்னால் 40 பல், பின்னால் 20 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். சின்னச் சக்கரமும் பெரிய சக்கரத்தின் தூரத்தை ஓடிவிடும். உட்காரும் இடம் தரைக்கு இறங்கி வந்துவிட்டது. விழுந்தாலும் கால் ஊன்றிக்கொள்ளலாம்.

ஆனால் தரைக்கு இறங்கிய பிறகு இன்னொரு தொல்லை காத்திருந்தது.

கால்விரலில் இடிக்கும் சக்கரம்

உயரமான பழைய வண்டியில் காலும் சக்கரமும் ஒரே அச்சில் இருந்தன. புது வண்டியில் பெடல் நடுவில் வந்துவிட்டது. முன் சக்கரம் அதற்கு எதிரே நின்றது. பெடல் முன்னால் வரும்போது கால்விரல் முன் சக்கரத்தின் பின்விளிம்பை நோக்கிப் போகிறது. நேராக ஓடும்போது தொல்லையில்லை. சக்கரம் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும். திரும்பும்போதுதான் வினை. ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் முன் சக்கரத்தின் பின்பாதி வலப்பக்கம் வரும். அந்த நேரம் வலது கால் முன்னால் இருந்தால் இரண்டும் மோதும்.

பெடலை நிறுத்தி வைக்கக்கூடிய இன்றைய சைக்கிளில் இதற்கு எளிதாகத் தப்பலாம். திரும்பும் பக்கத்துக் காலை முன்னால் வைத்துக்கொண்டு, மிதிக்காமல் திரும்பிவிடலாம். பெடலைப் பின்னால் சுற்றியும் காலை விலக்கலாம். ஸ்டார்லி காலத்து வண்டியில் அது நடக்காது. பின் சக்கரம் உருண்டால் பெடலும் உருளும். கால் தானாகவே சக்கரத்தை நோக்கி வரும். ஆகவே அந்த வண்டியில் இந்த இடைவெளி உயிர்ப்பிரச்சினை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 28 அங்குலச் சக்கரத்தில் அச்சிலிருந்து விளிம்பு வரை 14 அங்குலம். பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டு ஆறரை அங்குலம். பெடலுக்கு அப்பால் செருப்பின் நுனி சுமார் 4 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டினால் இருபத்து நாலரை அங்குலம். கிராங்க் சுழலும் மையத்துக்கும் முன் சக்கரத்தின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய அவ்வளவு தூரமாவது வேண்டும். மட்கார்டு இருந்தால் இன்னும் சற்றுக் கூட வேண்டும். அதற்குக் குறைந்தால் கால் இடிக்கும்.

ஸ்டார்லியின் முதல் ரோவர் சைக்கிளில் முன் சக்கரம் 36 அங்குலம். அதைத் தாங்கும் போர்க் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நின்றது. ஹேண்டில்பார் கைக்கு எட்டுவதற்காக அதைப் பின்னால் தள்ளி வைத்து, இரண்டு கம்பிகளால் போர்க்கோடு இணைத்திருந்தார். திருப்பினால் கம்பி இழுத்து, கம்பி தள்ளி, அதன் பிறகு சக்கரம் திரும்பும். அது சரிப்படவில்லை.

அடுத்த வண்டியில் அவர் போர்க்கைச் சாய்த்துவிட்டார். மேல்முனை ஓட்டுகிறவரை நோக்கிப் பின்னால் வந்தது. கீழ்முனை முன்னால் போனது. ஹேண்டில்பாரை நேராகப் போர்க்கின் மேலேயே பூட்டினார். இந்த ஒரு சாய்வினால் மூன்று காரியங்கள் கைகூடின. கைக்கு ஹேண்டில்பார் எட்டியது. காலைவிட்டு முன் சக்கரம் விலகிப் போனது. வண்டி ஓடும்போது முன் சக்கரம் தானாகவே நேர்வழிக்கு வரும் குணமும் கிடைத்தது. பிறகு முன் சக்கரத்தையும் சிறிதாக்கினார். இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்தன. காலுக்கு இன்னும் இடம் கிடைத்தது.

இதுதான் 1885-ல் வெளிவந்த ரோவர் சேப்டி சைக்கிள்.

சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்

ஆள் உயரச் சக்கரத்தில் போகிறவர்கள் இந்தக் குள்ள வண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். தரையோடு தரையாக ஊர்கிற பூச்சி என்று நினைத்தார்கள். உயரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தவர்களுக்கு இறங்கி வர மனம் வருமா?

சிரிப்புக்குச் சாலையில்தான் பதில் சொல்ல வேண்டும். 1885 செப்டம்பரில் ரோவர் வண்டிகளை வைத்தே 100 மைல் சாலைப் பந்தயம் ஒன்று நடத்தினார்கள். ஜார்ஜ் ஸ்மித் என்பவர் முதலில் வந்தார். அதுவரை 100 மைலுக்கு இருந்த சாதனை முறிந்தது. சின்னச் சக்கரம் வேகமாய் ஓடாது என்ற பேச்சு அடங்கியது.

ஒரு குறை மட்டும் இருந்தது. சின்னச் சக்கரம் குண்டு குழியில் அதிகம் குலுங்கும். கெட்டி ரப்பர் டயர் அது. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர் டன்லப், காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதோடு அந்தக் குறையும் தீர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் ஆள் உயரச் சக்கரம் காட்சிப் பொருளாகிவிட்டது. எல்லாக் கம்பெனிகளும் ஸ்டார்லியின் வழியில் வண்டி செய்தன. 1890-ஐ ஒட்டிச் சட்டமும் சாய்சதுர வடிவத்துக்கு வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடுகிறார்களே, அந்த இடைவெளி அப்படி வந்ததுதான்.

ஸ்டார்லி அதோடு நிற்கவில்லை. 1888-ல் மூன்று சக்கர வண்டி ஒன்றில் மின்கல அடுக்கும் மின்சார மோட்டாரும் வைத்து ஓட்டிப் பார்த்தார். இயந்திர வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று இங்கிலாந்தில் அப்போது சட்டம் இருந்தது. சைக்கிளே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் போகும். பின்னே மின்சார வண்டியை யார் வாங்குவார்கள்? அது விற்பனைக்கு வரவில்லை.

கம்பெனி வளர்ந்தது. 1890-களின் கடைசியில் ரோவர் சைக்கிள் கம்பெனி என்ற பெயரைப் பெற்றது. நாடா நெய்த கவென்ட்ரி, சைக்கிள் ஊராக மாறியது. பட்டினி கிடந்த தெருக்களில் பட்டறைகள் எழுந்தன.

1901 அக்டோபர் மாதம் ஸ்டார்லி திடீரென்று காலமானார். 46 வயதுகூட நிரம்பவில்லை. அவர் இறந்த சில ஆண்டுகளில் கம்பெனி மோட்டார் சைக்கிளும் காரும் செய்யத் தொடங்கியது. ரோவர் கார் என்று உலகம் அறிந்தது அதைத்தான்.

இன்றும் அதே கணக்கு

ஸ்டார்லியின் கடைசி ஆண்டுகளில்தான் பிரீ வீல் பரவியது. மிதிக்காமல் இருந்தாலும் வண்டி ஓடும் வசதி அது. சாதாரண சைக்கிள்களில் பிணைந்த பெடல் மறைந்துவிட்டது. ஆனால் வட்டமான பந்தயத் தளத்தில் ஓடும் சைக்கிள்கள் இன்றும் பழைய முறைதான். பிரேக் கிடையாது. பிரீ வீல் கிடையாது. பெரிய நகரங்களில் சில இளைஞர்கள் அதைத் தெருவிலும் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். தெருவில் போகிறவர்கள் முன் பிரேக்காவது கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பந்தய சைக்கிளின் போர்க் அதிகம் சாயாது. முன் சக்கரம் காலுக்கு நெருக்கமாக இருக்கும். கையை அசைத்ததும் வண்டி திரும்ப வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பலவற்றில் கால்விரல் இடிக்கத்தான் செய்யும். வேகமாய் ஓடும்போது அது தெரியாது. வேகத்தில் வண்டியைச் சாய்த்துத்தான் திருப்புகிறோம். ஹேண்டில்பார் கொஞ்சம்தான் திரும்பும். சந்து முனையில் மெதுவாக வளைக்கும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள்.

அதற்கு என்ன செய்வது? வாங்குமுன் வண்டியில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்னால் கொண்டுவந்து ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடுத்த காலுக்கும் அப்படியே. இடித்தால் கிராங்க் தண்டைக் கொஞ்சம் குட்டையாகப் போடலாம். டயரை மெல்லியதாக மாற்றலாம். மட்கார்டைக் கழற்றினால் அரை அங்குலம் கிடைக்கும். கீழே அதிகம் வளைந்த போர்க்கைப் போட்டால் சக்கரம் சற்று முன்னால் போகும். ஆனால் வண்டி திரும்பும் குணமும் மாறும். பெடலைப் பாதத்தின் நடுவால் மிதிக்காமல், விரலுக்குக் கீழே உள்ள மேட்டினால் மிதிக்க வேண்டும். அதனாலேயே ஓர் அங்குலத்துக்கு மேல் மிச்சமாகும். மெதுவாகத் திரும்பும்போது, வளைவுக்கு வெளிப்பக்கத்துக் கால் முன்னால் வருகிற நேரத்தில் ஹேண்டில்பாரை ஒரு கணம் நேராக்கி, கால் கடந்ததும் மறுபடி திருப்புகிறார்கள். பழகியவர்களுக்கு அது நடனம் போல் வந்துவிடும்.

குட்டையானவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அவர்களுக்காகச் சட்டத்தைக் குறுக்கினால் முன் சக்கரம் காலை நெருங்கிவிடும். சட்டத்தைக் குறுக்கும்போது சக்கரத்தையும் சிறிதாக்க வேண்டும். பல கம்பெனிகள் இதைச் செய்வதில்லை, செய்யாதது பிழைதான்.

நம் ஊர்ப் பழைய 28 அங்குல சைக்கிளில் இந்தக் கவலை இல்லை. அதன் போர்க் நன்றாகச் சாய்ந்திருக்கும்; கீழே முன்னோக்கி வளைந்தும் இருக்கும். கேரியரில் நெல் மூட்டை, பாரில் குழந்தை, பின்னால் மனைவி என்று ஏற்றினாலும் கால் சக்கரத்தில் படாது. 1949-ல் சென்னையில் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சைக்கிள் தொழில் தொடங்கினார்கள். அம்பத்தூரில் ஆலை எழுந்தது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய ஹெர்குலிஸ் வண்டிகள் அங்கிருந்து வந்தவை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துப் பலகையோடு சைக்கிளையும் பெண்கள் கையில் எடுத்தார்கள். கல் உடைக்கும் பெண்களும், வயலில் வேலை செய்யும் பெண்களும் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டிப் பழகினார்கள். ஆள் உயரச் சக்கரமே நிலைத்திருந்தால் அவர்களில் ஒருவராவது ஏறியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

ஜேம்ஸ் ஸ்டார்லிக்குக் கவென்ட்ரியில் 1884-லேயே நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள். ஜானின் வண்டிப் பெயரோ போலந்து நாட்டு மொழியில் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே எந்தக் கம்பெனி செய்த சைக்கிளாக இருந்தாலும், குழந்தைகூட அதை ரோவர் என்றுதான் சொல்லும்.